பஜார் மாடிகளில் மறுபடி விளக்கு எரியட்டும்

மணியாச்சி என்றதும் தமிழ்நாடு முழுக்க நினைவுக்கு வருவது 1911 ஜூன் 17. ஜங்ஷனில் நின்றிருந்த ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட நாள். நிலையத்தின் பெயரே இன்று வாஞ்சி மணியாச்சி. சுற்றுப்பட்டுக் கரிசல்காட்டு ஊர்க்காரர்களுக்கோ மணியாச்சி என்றால் முதலில் வண்டி மாறுகிற இடம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்டவாளம் வந்தபோது திருநெல்வேலிக்கான கிளை இங்கிருந்துதான் பிரிந்தது. ஒன்றரை நூற்றாண்டாக ஜனம் இங்கே இறங்குகிறது, ஏறுகிறது. ஆனாலும் ஜங்ஷனைச் சுற்றிப் பெரிய கடைத்தெரு எதுவும் எழும்பவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும், நகை செய்யவும், மிளகாய் வத்தல் மூட்டையைப் போடவும் இந்தப் பக்கத்துக்காரர்கள் வடக்கே கோவில்பட்டிக்கோ, தெற்கே திருநெல்வேலிக்கோ, கிழக்கே தூத்துக்குடிக்கோ வண்டி ஏறினார்கள்.

ரயில் நிற்பதால் மட்டும் ஓர் ஊருக்கு பஜார் வந்துவிடுவதில்லை. வியாபாரி குடும்பத்தோடு வந்து அங்கேயே பாய் விரித்துப் படுக்க வேண்டும். கோவில்பட்டியில் அது நடந்தது. மெயின் ரோட்டிலும் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களிலும் கீழே கடை, பின்கட்டில் சரக்கு, மச்சில் வீடு என்று வரிசையாகக் கட்டினார்கள். அந்த மச்சுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இன்று ஐம்பது, அறுபது வயதாகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே இல்லை. ஊருக்கு வெளியே முளைத்த நகர்களில் தனி வீடு கட்டிக் குடும்பங்கள் போய்விட்டன. மச்சுகள் குடோனாகவும், நிதி நிறுவனமாகவும், டியூஷன் சென்டராகவும், லாட்ஜாகவும் மாறிவிட்டன. ஊர் வளர்ந்ததன் அடையாளம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. பஜாரிலிருந்து குழந்தைகள் வெளியேறியது அந்தக் குழந்தைகளுக்கும் நட்டம், பஜாருக்கும் நட்டம். அதைச் சரிசெய்ய நகராட்சிகளின் கையில் வழி இருக்கிறது.

கடையும் வீடும் ஒரே கூரையின்கீழ் வந்ததற்கு வசதி மட்டும் காரணமல்ல. 19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த நாடார் வியாபாரிகள் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்று ஊர் ஊராகப் பேட்டை அமைத்தார்கள். வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்ட, சரக்கை இறக்க, இரவில் பயமில்லாமல் தூங்க மதில் சூழ்ந்த இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பயம் வெறும் கற்பனை இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கழுகுமலையில் 1895இல் சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற தகராறு உயிர்ப்பலியில் முடிந்தது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. சரக்குக்கு மேலேயே குடும்பம் படுத்தது அந்தக் காலத்துப் பாதுகாப்பு. அதே பேட்டைகள்தான் விற்ற சரக்கின் மீது மகமை பிடித்துப் பொதுக்காசு சேர்த்தன, பள்ளிக்கூடம் கட்டின. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வந்தது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து நடத்திய அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைதான் காமராஜர். தேங்காய் வியாபாரியான அப்பாவைச் சின்ன வயதில் இழந்து, படிப்பை விட்டு, மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவர் அவர். பின்னாளில் முதலமைச்சராக அவர் திறந்த பள்ளிகளையும் போட்ட மதிய உணவையும் பற்றிப் பேசும்போது, கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்திருந்த அந்தச் சிறுவனையும் சேர்த்தே பேச வேண்டும்.

கோவில்பட்டிக்கு ரயிலோடு பருத்தியும் மில்லும் வந்தன. 1901இல் விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தது. கருங்கண்ணிப் பருத்தி ரகங்களில் கே என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பது கோவில்பட்டியைக் குறிக்கத்தான். பிறகு தீப்பெட்டி ஆபீஸ்கள். இவ்வளவு கூலியும் வரவும் புழங்குகிற ஊரில் பலசரக்கு, துணி, பாத்திரம், இரும்பு, நாட்டுமருந்து என்று கடைகள் பெருகியதில் வியப்பில்லை.

அந்தக் கடைகளின் மச்சில் ஒரு பிள்ளைக்குப் பொழுது எப்படி விடியும்? நிரைபலகை எடுக்கிற சத்தத்தில் விடியும். ஷட்டர் வருவதற்கு முன்பு கடைவாசலை அடைத்தவை நெட்டுக்குத்தாய் நிற்கும் மரப்பலகைகள். வரிசை மாறினால் பொருந்தாது என்பதால் ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பல பிள்ளைகள் ஒன்று, இரண்டு படித்தது அந்தப் பலகையில்தான். அப்புறம் வாசல் தெளிக்கிற சத்தம், எதிர்த்த டீக்கடையின் பாய்லர், மூட்டை இறக்குகிறவர்களின் குரல். ஏழு மணிக்கெல்லாம் கீழே தராசுத்தட்டு ஆடத் தொடங்கிவிடும்.

மாதத்தை அங்கே மூக்கும் சொல்லும். மாசி, பங்குனியில் மிளகாய் வத்தல் வரத்து தொடங்கினால் மச்சு முழுக்கத் தும்மல். பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் காரம் ஏறும். மல்லி வருகிற நாட்களில் வீடே மணக்கும். உளுந்து, பாசிப்பயறு மூட்டைகளோடு கரிசல் தூசி வரும். வெளுத்துப் போட்ட சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கடலை மிட்டாய் போடுகிற இடத்துக்கு மேலே குடியிருந்தவர்களுக்கு வேறு அனுபவம். வெல்லப்பாகு பதத்துக்கு வருகிற நேரம் வாசனையிலேயே தெரியும். வறுத்து உடைத்த கடலையைப் பாகில் கொட்டிப் புரட்டி, சூடு ஆறுவதற்குள் பலகையில் பரத்தித் தேய்த்து, வில்லை போட்டாக வேண்டும். மேலே தூவ இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்ச் சாயமேற்றிய தேங்காய்ப்பூ. 1940களில் பொன்னம்பல நாடார் தம்முடைய பலசரக்குக் கடையில் கருப்பட்டியும் கடலையும் சேர்த்துப் போட்ட பண்டம், 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு கடையின் பின்கட்டிலிருந்து எழுந்த பெருமை அது. ஒதுக்குப்புறத் தொழிற்பேட்டையில் அது பிறக்கவில்லை.

கணக்கு அங்கே தனிப்பாடமில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் காலைத் தள்ளி ஆறு பைசாவா, ஏழா என்று கடைவாசலில் நடந்த வாக்குவாதங்களைக் கேட்ட பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடம் சொல்லித்தருவதற்கு முன்பே தசமம் பிடிபட்டது. அடுத்த சில வருடங்களில் வீசையும் பலமும் போய் கிலோ வந்தது. பாட்டி வீசையில் கேட்பாள், அப்பா கிலோவில் நிறுப்பார், நடுவில் நின்று மாற்றிச் சொன்னது பத்து வயதுப் பையனோ பெண்ணோதான். பிறகு வந்த பிள்ளைகளுக்கும் வேறு வகைப் பாடங்கள் இருந்தன. தீப்பெட்டி 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயானது. பதினான்கு வருடம் அப்படியே நின்று, 2021 டிசம்பர் 1இல்தான் இரண்டு ரூபாயானது. சுற்றியிருந்த தெருக்களில் பெண்கள் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வாங்குகிற கூலி ஏன் நகரவில்லை என்பதைக் கடைப்பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே பெண்கள் சனிக்கிழமை சம்பளத்தைக் கொண்டுவந்து போன வாரப் பாக்கியை அடைத்துவிட்டு, இந்த வாரச் சாமானுக்குச் சிட்டையில் எழுதச் சொல்வதை மச்சுப்படியில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

மேலேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: “ஏலே, அய்யாவ சாப்பிட வரச் சொல்லு, ஆறிப்போகுது!” பிள்ளை இறங்கி வந்து கல்லாப்பெட்டிப் பக்கம் நிற்கும். ஆள் கூட்டத்துக்கு நடுவே அப்பாவிடம் நேரே சொல்ல முடியாது. அவர் முகம் பார்த்து, நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கு எப்போது என்ன பேசலாம், கடன்காரரை எப்படி நோகாமல் கேட்பது, இல்லாதவருக்கு எப்படித் தெரியாமல் கூடப் போடுவது என்பதெல்லாம் அந்த நிற்பில் கற்றது. பங்குனித் திருவிழாவில் செண்பகவல்லி அம்மன் தேர் வரும்போது அந்த வீடுகளின் மதிப்பு சட்டென்று ஏறும். அன்றைக்குத் தட்டட்டியில் இடம் கேட்டு உறவுக்காரர்கள் மட்டுமல்ல, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள்.

பஜாரில் வியாபாரம் மட்டும் நடக்கவில்லை. கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை இளம் எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற இடமாக இருந்தது. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், பின்னால் பூமணியும் சோ. தர்மனும் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய வட்டாரம் இது. கரிசல் இலக்கியம் காட்டையும் கண்மாயையும் கிணற்றையும் எழுதிய அளவுக்கு பஜார் மச்சை எழுதவில்லை என்ற குறை மட்டும் உண்டு. அங்கே வளர்ந்தவர்கள் இப்போதாவது எழுத வேண்டும்.

இதையெல்லாம் பொற்காலமாகப் பேசினால் பொய்யாகிவிடும். மச்சு வீட்டில் முற்றம் இல்லை, மரம் இல்லை, ஓடியாட இடமில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்குக் கீழே இறங்குவதே பெரும்பாடு. கடையில் எந்நேரமும் ஆண்கள் நிற்பார்கள், படியோ கடைக்குள்ளே இருக்கும். அண்ணனும் தம்பியும் கல்லாவில் உட்கார்ந்து தொழில் கற்றபோது, அக்காவும் தங்கையும் ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைக் கற்றார்கள். தண்ணீரோ பெரும் துன்பம். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் கோவில்பட்டியில் பல நாளுக்கு ஒருமுறைதான் விடுவார்கள். குடத்தை இடுப்பில் வைத்துச் செங்குத்துப் படி ஏறியது பெண்கள்தான். எல்லாவற்றையும்விடக் கசப்பான உண்மை, பஜாரில் வாடகைக்கு மச்சு எல்லாச் சாதிக்காரருக்கும் கிடைக்கவில்லை. கூலிக்கு மூட்டை தூக்கவும் தெருவைக் கூட்டவும் வந்தவர்கள் பொழுது சாய்ந்ததும் ஊருக்கு வெளியே இருந்த தங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பஜாரில் குடியிருப்பை மீட்க வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் பழைய வழக்கத்தையும் சேர்த்து மீட்கச் சொல்லக் கூடாது.

கடையில் நின்ற எல்லாப் பிள்ளைகளும் கடைக்காரர் பிள்ளைகளும் அல்ல. பள்ளி விட்டு வந்து அப்பாவுக்குப் பொட்டலம் மடித்துக் கொடுப்பது வேறு. பிழைப்புக்கு வழியில்லாத கரிசல் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் சென்னை பலசரக்குக் கடைக்கு அனுப்பப்பட்டு, பரணில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கியது வேறு. பின்னதும் கடைக்கு மேலே கழிந்த குழந்தைப்பருவம்தான், ஆனால் அங்கே மேலே அம்மா இல்லை. கடல் கடந்து போன பையன்களுக்கும் இதே கதை. பினாங்கிலும் மெதானிலும் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையன்களாக இருந்தவர்களின் உலகத்தை ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் எழுதியிருக்கிறார். தியாகராய நகர் ஜவுளிக்கடைகளுக்குப் போன தென்மாவட்ட இளைஞர்களை 2010இல் ‘அங்காடித் தெரு’ காட்டியது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் மட்டும் கைகொடுக்கலாம் என்கிறது. ‘குடும்பம்’ என்ற போர்வையில் கூலிக்கு வந்த சிறுவனை ஒளித்துவைக்க இது வழி தரும் என்ற கவலை நியாயமானது. ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் கண் வைத்தே ஆக வேண்டும்.

குடும்பங்கள் ஏன் வெளியேறின? ஒரு காரணம் இடம். மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் மச்சு போதாது. இன்னொரு காரணம் வண்டி. மாட்டுவண்டிக்குக் கட்டிய தெருவில் லாரியும் பைக்கும் நிறைந்தபோது இரைச்சலும் புகையும் ஜன்னலை அடைக்க வைத்தன. மூன்றாவது, பணம். மச்சைக் குடித்தனத்துக்கு விட்டால் வருகிற வாடகையைவிடக் கடைக்கோ அலுவலகத்துக்கோ விட்டால் பல மடங்கு கிடைக்கிறது. நாலுவழிச்சாலை ஊரைச் சுற்றிப் போன பிறகு புறநகர் மனை விலை ஏறியது, கடைக்காரர்களே அங்கே வீடு கட்டினார்கள். இவையெல்லாம் தனித்தனியே நியாயமான முடிவுகள். மொத்தமாகச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரைக்கு மேல் ஆள் நடமாட்டமில்லாத தெரு உண்டானது. வெளியூர் வேலை முடிந்து கடைசி வண்டியில் இறங்கி வருகிற பெண்ணுக்கு அந்தத் தெருவில் இன்றைக்குத் துணை, ஷட்டர்களும் கேமராக்களும். முன்பு மேலே ஒரு ஜன்னலில் விளக்கு எரியும், யாராவது “யாரது?” என்று கேட்பார்கள்.

இந்தக் காவல் கண்களைப் பற்றி உலகம் முழுக்கப் பேச வைத்தவர் ஜேன் ஜேக்கப்ஸ். நியூயார்க்கின் ஹட்சன் தெருவில், முன்பு மிட்டாய்க்கடை இருந்த கட்டடத்தை 1947இல் வாங்கி, கணவரோடு பிள்ளைகளை அங்கேயே வளர்த்தவர். தம் ஜன்னலிலிருந்து பார்த்ததை வைத்து 1961இல் அவர் எழுதிய நூல், கடையும் வீடும் கலந்த தெருவில்தான் பாதுகாப்பு தானாகக் கிடைக்கிறது என்று வாதாடியது. நகரத் திட்டமிடல் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் இன்றைக்கு அதைப் படிக்கிறார். நம் ஊர் நகரமைப்பு அலுவலகங்கள் அதைக் கோவில்பட்டி பஜாரில் பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளியேறிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு பினாங்கின் ஜார்ஜ் டவுன் நல்ல பாடம். அங்கே கீழே கடையும் மேலே வீடுமான கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த லிட்டில் இந்தியாவும் அதில் அடக்கம். 2000 ஜனவரி 1இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்ததும் வாடகை எகிறியது, பழைய குடித்தனக்காரர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது சுவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பல மாடிகளில் ஆட்கள் இல்லை. கட்டடத்துக்கு வெள்ளையடித்துவிட்டுக் குடும்பத்தைக் கோட்டைவிடுகிற அந்தத் தவறை, நகர மேம்பாட்டுக்குக் காசு ஒதுக்குகிற தமிழ்நாடு செய்யக் கூடாது.

எதிர்வாதங்களில் வலுவானது தீ. சென்னை தியாகராய நகரில் 2008இல் பெரிய கடையொன்றில் பிடித்த தீயில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே பகுதியில் 2017 மே 31 அன்று தீப்பற்றிய பலமாடி ஜவுளிக்கடையை முழுவதுமாக இடிக்க வேண்டியதாயிற்று. கீழே துணி, எண்ணெய், பிளாஸ்டிக் என்று அடுக்கிவைத்துவிட்டு மேலே குழந்தைகளைப் படுக்கவைக்கலாமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பதில் படியில் இருக்கிறது. பழைய மச்சுகளுக்குப் படி கடைக்குள்ளேயே இருந்தது. கீழே தீ என்றால் மேலே இருப்பவர்களுக்கு வழியில்லை. கடையைத் தொடாமல் தெருவிலிருந்து நேரே ஏறுகிற தனிப்படி ஒன்று, பின்பக்கம் இன்னொன்று என்று இருந்தால் ஆபத்து பெரிதும் குறையும். பெண்பிள்ளைகள் கடைக்கூட்டத்தைக் கடக்க வேண்டிய அவதியும் அதிலேயே தீரும். குடியிருப்புக்குக் கீழே பட்டாசுக்கடைக்கு உரிமம் தரக்கூடாது என்பது வெடிபொருள் விதிகளில் இருப்பதுதான். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் தீபாவளி நேரத்துத் தற்காலிகக் கடைகளுக்கும் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும்.

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கடையும் வீடும் கலப்பதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. தடுப்பது அக்கறையின்மை. மின் இணைப்பையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், கடைக்கு வணிகக் கட்டணம். ஒரே மீட்டரில் கடையும் மச்சும் ஓடினால் மேலே குடியிருக்கிற குடும்பம் மின்விசிறிக்கும் கடைக்கட்டணம் கட்டுகிறது. மச்சுக்குத் தனி மீட்டர் கேட்டால் அலையவிடாமல் கொடுப்பது மின்வாரியத்துக்குப் பெரிய காரியமில்லை. சொத்துவரியில், குடும்பம் குடியிருக்கிற மேல்தளத்துக்கு வெளிப்படையாகத் தெரிகிற சலுகை தந்தால், குடோனாக விடுவதா குடித்தனத்துக்கு விடுவதா என்று யோசிக்கிற உரிமையாளர் இரண்டாவதின் பக்கம் சாய்வார்.

தனியாரைக் கேட்பதற்கு முன்னால் நகராட்சிகள் தங்கள் இடத்தில் செய்துகாட்டலாம். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் சந்தைகளும் பேருந்து நிலையங்களும் வணிக வளாகங்களும் புதிதாக எழுகின்றன. அவற்றின் மேல்தளங்களில் கூடுதலாக இன்னும் கடைகளைத்தான் அடைக்கிறார்கள். அந்த மாடிகள் வாடகைக்குப் போகாமல் பூட்டிக்கிடப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அங்கே சிறிய வீடுகள் கட்டி, தூய்மைப் பணியாளர்களுக்கும், கடைகளில் வேலை செய்கிற பெண்களுக்கும், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார்களுக்கும் சாதி பாராமல் வாடகைக்கு விடலாம். முன்பு பொழுது சாய்ந்ததும் பஜாரை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் முதலில் குடியேறட்டும். வேலைக்கு நடந்தே போகலாம், பள்ளி பக்கத்தில், ஆஸ்பத்திரி பக்கத்தில், பஸ் பக்கத்தில்.

கோவில்பட்டியிலோ, கயத்தாறு, கடம்பூர் போன்ற சின்ன ஊர்களிலோ அடுத்த வணிக வளாகத்தின் வரைபடம் மன்றக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள். மேல்தளத்தில் எத்தனை வீடு? தெருவிலிருந்து தனிப்படி எங்கே? தண்ணீர்த் தொட்டி மாடி வரைக்கும் ஏறுமா? மூன்றுக்கும் பதில் இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.